ஹைதராபாத் ஏரிகளும் ஓடைகளும்: நீரின் எல்லையைக் காப்பது எவ்வாறு?

ஒரு நகரத்தின் வளர்ச்சியை அளக்க முற்படுவோர் அதன் வீதிகளையும் வீடுகளையும் தொழிற்சாலைகளையும் எண்ணுவது வழக்கம். அந்நகரத்தின்மீது பெய்யும் மழைநீர் எவ்வழியாக வருகிறது, எங்கே தங்குகிறது, எவ்வழியாக வெளியேறுகிறது என்று கணக்கிடுவோர் சிலரே. ஆனால் இக்கணக்கு தவறிய நகரம் தன் வளர்ச்சிக்குரிய விலையை ஒரே இரவில் செலுத்த நேரிடுகிறது. ஹைதராபாத் நகரம் இதற்குத் தக்கதோர் உதாரணமாகும்.

ஏரியைக் காப்பது என்றால் கண்ணுக்குத் தெரியும் நீர்ப்பரப்பைக் காப்பது என்றே பலரும் கருதுகின்றனர். ஏரி என்பது நீர்ப்பரப்பு மட்டுமன்று. நீரைக் கொண்டுவரும் ஓடை, நீர் நிரம்பும் எல்லை, மிகுநீரை வெளிவிடும் கலிங்கு, அதிலிருந்து அடுத்த ஏரிக்குச் செல்லும் கால்வாய் ஆகிய நான்கும் சேர்ந்ததே ஏரி. இவற்றுள் ஒன்று பழுதுபட்டாலும் மற்ற மூன்றும் பயனற்றுப் போகும். இவ்வுண்மையை ஹைதராபாத்தின் வரலாற்றைக் கொண்டும், எளிய கணக்கைக் கொண்டும் இங்கு ஆராய்வோம்.

பாறை நிலமும் ஏரித் தொடரும்

ஹைதராபாத் தக்காணப் பீடபூமியில், கடல் மட்டத்துக்குச் சுமார் 500 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்துள்ளது. நிலத்தின் அடியில் இருப்பது கடினமான கருங்கற்பாறை. அதன்மேல் உள்ள மண்ணும் சிதைந்த பாறையும் சேர்ந்த அடுக்கு பெரிய ஆற்றுச் சமவெளிகளில் உள்ளதைப்போல் ஆழமானதன்று. ஆகையால் நிலத்தடியில் நீரைச் சேமித்து வைக்கும் இடம் குறைவு. ஆண்டு மழையோ சுமார் 80 சென்டிமீட்டர். அதிலும் பெரும்பகுதி ஜூன் முதல் அக்டோபர் வரையுள்ள மாதங்களில் பெய்துவிடுகிறது.

இத்தகைய நிலத்தில் குடியேறிய மக்கள், மேடும் பள்ளமுமாகக் கிடந்த தரையின் இயல்பையே துணையாகக் கொண்டனர். இரு மேடுகளுக்கிடையே குறுக்கே ஒரு கரை எழுப்பினால் ஓர் ஏரி உண்டாகும். அது நிரம்பி வழியும் நீர் கீழேயுள்ள மற்றோர் ஏரியை நிரப்பும். இவ்வாறு மேலிருந்து கீழாகச் சங்கிலிபோல் அமைந்த ஏரிகளைத் தெலுங்கில் 'செருவு' என்றும், சிறியவற்றைக் 'குண்ட்டா' என்றும் வழங்குவர். நம் தமிழ்நாட்டின் ஏரிகளும் குட்டைகளும் இதே முறையில் அமைந்தவையே. தமிழில் 'தூம்பு' என்பதும் தெலுங்கில் 'தூமு' என்பதும் கரையின் ஊடே பாசன நீரை விடும் ஒரே அமைப்பின் பெயர்கள்.

நகரின் நடுவிலுள்ள ஹுசேன் சாகர் குதுப் ஷாஹி மன்னர் ஆட்சியில், 16-ஆம் நூற்றாண்டில், கட்டப்பட்டது. குக்கட்பள்ளி, பிக்கெட், பஞ்சாரா, பல்காபூர் ஆகிய ஓடைகள் அதில் நீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. மிகுநீர் மூசி ஆற்றை அடைகிறது. அதாவது நகரின் நடுவே காணும் அந்த ஏரியின் நலம், பல கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஓடைக்கரைகளில் தீர்மானிக்கப்படுகிறது.

1908 கற்பித்த பாடம்

1908-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் நாள் மூசியில் வந்த பெருவெள்ளம் நகரின் பெரும்பகுதியை அழித்தது. சுமார் 15,000 பேர் உயிரிழந்தனர் என மதிப்பிடப்படுகிறது. இதற்குப் பரிகாரம் காண, நிஜாம் அரசின் அழைப்பின்பேரில் 1909-ஆம் ஆண்டு பொறியியல் நிபுணர் மோ. விசுவேசுவரய்யா வந்து ஆராய்ந்தார். நகருக்கு மேலே உள்ள நீர்ப்பிடிப்புப் பகுதியில் 788 ஏரிகள் இருந்தன என்றும், அவற்றுள் 221 உடைந்துவிட்டன என்றும் அவர் கண்டறிந்தார். ஏறக்குறைய ஒரு சதுர மைலுக்கு ஓர் ஏரி என்ற அளவில் அவை நெருங்கியிருந்தன.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. சங்கிலியில் மேலேயுள்ள ஏரி உடைந்தால், அதில் தேங்கியிருந்த நீர் முழுவதும் கீழேயுள்ள ஏரியின்மீது ஒருங்கே பாய்கிறது. அவ்வேரி மழைநீரைத் தாங்கும் வலிமையுடையதாயினும் இவ்வதிகப்படியான நீரைத் தாங்காது. இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாக உடைவதால் வெள்ளம் பன்மடங்காகிறது. சங்கிலி நன்னிலையில் இருந்தால் வெள்ளத்தைத் தணிக்கும். கெட்ட நிலையில் இருந்தால் அதுவே வெள்ளத்தைப் பெருக்கும்.

விசுவேசுவரய்யாவின் யோசனையைப் பின்பற்றி மூசியின் குறுக்கே உஸ்மான் சாகரும் (1920), ஈசி ஆற்றின் குறுக்கே ஹிமாயத் சாகரும் (1927) கட்டி முடிக்கப்பட்டன. வெள்ளத் தடுப்புக்கும் குடிநீருக்கும் இவை ஒருங்கே பயன்பட்டன.

முழுநீர் மட்டம் என்றால் என்ன?

ஒவ்வோர் ஏரிக்கும் ஒரு முழுநீர் மட்டம் உண்டு. கலிங்கின் தலைப்பு எந்த உயரத்தில் இருக்கிறதோ, அவ்வுயரம் வரையில் நீர் தேங்கும். அதற்கு மேற்பட்ட நீர் வழிந்து வெளியேறும். ஹுசேன் சாகரின் முழுநீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 513.41 மீட்டர். உஸ்மான் சாகருக்கு 1,790 அடியும், ஹிமாயத் சாகருக்கு 1,763.5 அடியும் ஆகும். அந்த உயரத்தில் தரையைச் சுற்றிலும் ஒரு கோடு வரைந்தால் அதுவே ஏரியின் உண்மையான எல்லை. கோடையில் நீர் எவ்வளவு தூரம் வற்றிப் பின்வாங்கினாலும் இக்கோடு நகர்வதில்லை.

ஆயினும் தொடர்ந்து சில ஆண்டுகள் மழை பொய்த்தால், இக்கோட்டுக்குள் அடங்கிய உள்வாய் நிலம் வெறும் தரையாகக் காட்சியளிக்கிறது. அதை மனைகளாகப் பிரிப்பவர் ஏரியை நிரப்புவதாகச் சொல்வதில்லை. 'இங்கே நீர் வந்து வருஷங்கள் ஆயின' என்றே சொல்கின்றனர். வாங்குபவரும் தம் கண்ணால் கண்டதை நம்புகின்றனர். ஏரியின் எல்லையைக் கண்ணால் காணும் நீரைக் கொண்டு தீர்மானிப்பது எவ்வளவு ஆபத்தானது என்பது அடுத்த பெருமழையில்தான் தெரியவருகிறது.

எளிய கணக்கு ஒன்று

ஏரியோரத் தரை 100 மீட்டர் தூரத்துக்கு 1 மீட்டர் சரிவு உடையதாக இருப்பதாகக் கொள்வோம். யாரேனும் கலிங்கின் தலைப்பை 30 சென்டிமீட்டர் அளவுக்கு உடைத்துத் தாழ்த்திவிட்டால், நீரின் விளிம்பு 30 மீட்டர் பின்வாங்கும். சுற்றிலும் 30 மீட்டர் அகலமான நிலம் புதிதாக 'உண்டாகும்'. சில மணி நேர உடைப்பு வேலை, ஏரியின் எல்லையையே மாற்றிவிடுகிறது.

இனி, இதற்கு நேர்மாறான நிலையைப் பார்ப்போம். நிரம்பிய ஏரியில் மழைநீர் வந்து சேரும்போது, கலிங்கின்மேல் நீர் சற்று உயர்ந்தால்தான் அது வழிந்து வெளியேற முடியும். நீர்ப்பிடிப்புப் பகுதி 100 ஹெக்டேர் என்றும், மழை மணிக்கு 50 மில்லிமீட்டர் வீதம் நீடித்துப் பெய்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். அப்பகுதி மண்ணும் புல்லும் மரமுமாக இருந்து, பெய்த மழையில் பத்தில் மூன்று பங்கு மட்டும் ஓடிவருமாயின், வினாடிக்குச் சுமார் 4.2 கன மீட்டர் நீர் ஏரிக்கு வரும். அதே பகுதி கூரைகளாலும் சிமெண்டுத் தளங்களாலும் தார்ச் சாலைகளாலும் மூடப்பட்டு, பத்தில் எட்டுப் பங்கு ஓடிவருமாயின், வரத்து வினாடிக்குச் சுமார் 11.1 கன மீட்டர் ஆகிவிடும். பெய்த மழை ஒன்றே. வந்த நீரோ இரண்டரை மடங்குக்கும் அதிகம்.

கலிங்கின் நீளம் 15 மீட்டர் என்றால், முதல் நிலையில் நீர் அதன்மேல் சுமார் 30 சென்டிமீட்டர் உயரும். இரண்டாம் நிலையில் சுமார் 57 சென்டிமீட்டர் உயரும். மேலே கூறிய சரிவுள்ள தரையில் இதன் பொருள் யாது? முதல் நிலையில் நீர் எல்லைக் கோட்டுக்கு வெளியே 30 மீட்டர் பரவும். இரண்டாம் நிலையில் 57 மீட்டர் பரவும். ஏரியின் கொள்ளளவு வெள்ளத்தைச் சிறிது தாமதப்படுத்தும் என்பதால் உண்மையில் இவ்வளவுகள் மாறுபடலாம். ஆனால் இக்கணக்கு உணர்த்தும் விஷயம் தெளிவானது. ஏரியோரத்தில் ஒரு செங்கல்லும் வைக்காமல், மேலேயுள்ள நிலம் முழுவதையும் மூடிவிட்டாலும், ஏரியோரத்து வீடுகளில் நீர் புகும். இன்னும் கலிங்கிலிருந்து செல்லும் கால்வாயும் ஆக்கிரமிக்கப்பட்டிருந்தால், நீர் கலிங்கில் வழியாமல் கரையின்மேல் ஏறும். மண்கரையின்மேல் நீர் வழிந்தால் கரை அரிக்கப்பட்டு உடைவது திண்ணம்.

2000-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரே நாளில் சுமார் 24 சென்டிமீட்டர் மழை பெய்தபோது ஓடைக்கரைக் குடியிருப்புகள் பல மூழ்கின. 2020-ஆம் ஆண்டு அக்டோபர் 13, 14 தேதிகளில் பேகம்பேட்டையில் சுமார் 19 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அம்மாதத்தில் பாலாப்பூர் அருகிலுள்ள குர்ரம் செருவின் கரையும், ககன்பஹாட் அருகிலுள்ள அப்பா செருவின் கரையும் உடைந்தன. கீழேயிருந்த குடியிருப்புகளில் வெள்ளம் புகுந்து உயிர்ச்சேதமும் பொருட்சேதமும் விளைந்தன. 1908-இல் நிகழ்ந்தது மிகப் பெரியது. 2020-இல் நிகழ்ந்தது அதனினும் சிறியது. ஆயினும் உடைப்பு நேரும் விதத்தில் இரண்டுக்கும் வேற்றுமையில்லை.

ஈரநிலத்தின் பணி

ஏரியின் ஓரத்தில் கோரையும் சம்பும் வளர்ந்து சேறாகக் கிடக்கும் பகுதியைப் பயனற்ற நிலம் என்று எண்ணுவோர் உண்டு. உண்மையில் ஏரியின் சுத்திகரிப்பு நிலையம் அதுவேயாகும். ஓடி வரும் நீரின் வேகம் அங்கே குறைகிறது, வண்டல் படிகிறது. தாவரங்களின் வேர்ப் பகுதியிலும் சேற்றிலும் வாழும் நுண்ணுயிர்கள், கழிவில் வரும் நைட்ரஜன் சத்தின் ஒரு பகுதியை வாயுவாக மாற்றி வெளியேற்றுகின்றன. இவ்விளிம்பைச் சுவர் எழுப்பி நடைபாதையாக்கிவிட்டால், வண்டலும் கழிவும் நேரே ஏரிக்குள் சேரும். அதன்பின் ஆகாயத் தாமரை படர்ந்து நீரை மூடும். ஆகவே ஏரியை 'அழகுபடுத்துவது' என்பது எப்போதும் அதைக் காப்பதாகாது.

ஹைதராபாத்துக்கு மேற்கே உள்ள அமீன்பூர் ஏரி, பறவைகள் பல வந்து தங்கும் இடமாக விளங்குவதால், 2016-இல் உயிரினப் பன்மைப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. கட்டடங்கள் நெருங்கிவரும் நகரின் ஓரத்திலும் இத்தகைய ஏரி நிலைத்திருக்கக்கூடும் என்பதற்கு அது சான்றாகும்.

சட்டம் வகுத்த எல்லைகள்

2012-ஆம் ஆண்டு ஏப்ரலில் அன்றைய ஒருங்கிணைந்த ஆந்திரப் பிரதேச அரசு வெளியிட்ட கட்டட விதிகள், நீர்நிலைகளின் ஓரத்தில் கட்டடம் கூடாத இடைவெளியை நிர்ணயித்தன. 10 ஹெக்டேரும் அதற்கு மேலும் பரப்புள்ள ஏரிக்கு முழுநீர் எல்லையிலிருந்து 30 மீட்டர். அதனினும் சிறிய ஏரிக்கு 9 மீட்டர். 10 மீட்டருக்கு மேல் அகலமுள்ள ஓடைக்கும் கால்வாய்க்கும் 9 மீட்டர். அதற்குக் குறைந்த அகலமுள்ளவற்றுக்கு 2 மீட்டர். ஆற்றுக்கு நகர எல்லைக்குள் 50 மீட்டரும், வெளியே 100 மீட்டரும் ஆகும். 2014-இல் தெலங்கானா தனி மாநிலமான பின்னரும் இவ்வளவுகளே பின்பற்றப்பட்டு வந்தன. நாம் மேலே செய்த கணக்கை இங்கு நினைவுகூர்ந்தால், 30 மீட்டர் என்பது மிகையான அளவன்று என்பதும், மேல்நிலம் மூடப்பட்ட இடங்களில் அது போதாமலும் போகலாம் என்பதும் விளங்கும்.

உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் ஆகியவற்றின் விஷயத்தில் அரசு மேலும் ஒரு படி சென்றது. 1996 மார்ச்சு 8-ஆம் நாளைய 111-ஆம் எண் அரசாணை, இவ்விரண்டையும் சுற்றி 10 கிலோமீட்டர் தூரம் வரையில், 84 கிராமங்களில், மாசு உண்டாக்கும் தொழிற்சாலைகளையும் பெரிய ஹோட்டல்களையும் குடியிருப்புத் திட்டங்களையும் தடுத்தது. நீர்ப்பரப்பை மட்டுமன்றி நீர் பிறக்கும் நிலத்தையே காக்க முனைந்தது இதன் சிறப்பாகும். இப்பகுதியில் ஓர் எண்ணெய்த் தொழிற்சாலை அமைப்பது பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1999-இலும் 2000-இலும் அளித்த தீர்ப்புகள் குறிப்பிடத்தக்கவை. தீங்கு நேராது என்று நிரூபிக்கும் பொறுப்பு, இயற்கையின் நிலையை மாற்ற விரும்புபவரையே சாரும் என்ற கோட்பாட்டை அவை வலியுறுத்தின. இவ்வரசாணையின் கட்டுப்பாடுகளை நீக்கி 2022 ஏப்ரலில் 69-ஆம் எண் அரசாணை பிறப்பிக்கப்பட்டது. நீர்த்தேக்கங்களின் நீர் கெடலாகாது என்ற நிபந்தனையும் அதில் சேர்க்கப்பட்டது. தங்கள் நிலத்தின் மதிப்பு பல ஆண்டுகளாகத் தடைப்பட்டுக் கிடந்தது என்பது கிராமத்தார் வாதம். நகரின் நீர்ப்பிடிப்பு நிலம் மறைந்துவிடும் என்பது எதிர்வாதம். இரண்டும் புறக்கணிக்கத்தக்கவை அல்ல. ஊர் முழுவதற்கும் பயன்படும் காப்பின் சுமையைச் சிலர்மீது மட்டும் சுமத்தினால் அக்காப்பு நெடுநாள் நிலைக்காது.

மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டு ஈரநில விதிகளைப் பற்றியும் களப்பணியாளர் ஒரு நுட்பத்தை அறிந்திருக்க வேண்டும். ஈரநிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்றுவதை அவ்விதிகள் தடுக்கின்றன. ஆனால் குடிநீருக்கெனவும் பாசனத்துக்கெனவும் மனிதர் அமைத்த ஏரிகள் அவ்விதிகளின் வரையறையில் அடங்குவதில்லை. தக்காணத்து ஏரிகளில் மிகப் பல இவ்வகையினவே. ஆகையால் அவற்றின் காப்பு, மாநில விதிகளையும் வருவாய்ப் பதிவேடுகளையும், எல்லாவற்றுக்கும் மேலாக, தரையில் குறிக்கப்பட்ட எல்லையையும் சார்ந்து நிற்கிறது.

தாமதத்தின் விலை

ஹைதராபாத்தில் 2024 ஜூலையில், பேரிடர்களை எதிர்கொள்ளவும் பொதுச் சொத்துக்களைக் காக்கவும் 'ஹைட்ரா' என்ற அமைப்பு நிறுவப்பட்டது. ஏரி எல்லைக்குள் எழுந்த கட்டடங்கள் பலவற்றை அது இடித்தது. அம்பர்பேட்டையில் மண்மூடிக் கிடந்த பதுகம்மா குண்ட்டா மீட்கப்பட்டு 2025-இல் மீண்டும் நீர்நிலையாயிற்று. அதே சமயம், அமீன்பூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமையன்று நடந்த இடிப்பைக் குறித்து 2024 செப்டம்பரில் உயர்நீதிமன்றம் கடுமையான வினாக்களை எழுப்பியது. உரிய அவகாசமும் விசாரணையும் இன்றி எந்தக் குடும்பத்தின் வீடும் இடிக்கப்படலாகாது என்பது சட்டத்தின் நெறி.

இவ்விடத்தில்தான் பிரச்சினையின் கடுமை வெளிப்படுகிறது. வீடு எழுந்த பின்னர் அரசின் முன் இரண்டே வழிகள் எஞ்சுகின்றன. இடித்தால், வாழ்நாள் சேமிப்பை இட்டு நல்லெண்ணத்துடன் வாங்கியவர் தெருவில் நிற்பார். இடிக்காவிட்டால், அடுத்த வெள்ளத்தில் அவரும் அவருக்குக் கீழே குடியிருப்போரும் உயிருக்கு அஞ்சி நிற்பர். இரண்டும் கேடே. இவ்விரண்டிலிருந்தும் தப்ப ஒரே வழி, வீடு எழுமுன் எல்லைக் கல் எழுவதுதான். பல ஏரிகளின் முழுநீர் எல்லை அளந்து இறுதியாக அறிவிக்கப்படாமல் நெடுங்காலம் கிடந்ததே இத்துயரத்துக்கு முக்கிய காரணம் எனலாம்.

சென்னையிலும் இப்பாடம் புதியதன்று. மாம்பலத்து நீண்ட ஏரியின் நிலத்தில் 1920-களில் தியாகராய நகர் உருவாயிற்று. தெற்கே எஞ்சியுள்ள பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் தலங்களின் பட்டியலில் சேர்ந்தது. எஞ்சியதைக் காக்கும் விழிப்பு, இழந்த பின்னர்தான் வருகிறது.

களப்பணியாளர் செய்ய வேண்டியவை

முதலாவதாக, ஏரியைப் பார்வையிடும்போது நீரைப் பார்க்குமுன் கலிங்கைப் பார்க்க வேண்டும். அதன் தலைப்பு உடைக்கப்பட்டுள்ளதா, மணல் மூட்டைகளால் உயர்த்தப்பட்டுள்ளதா, அதன் முன்னும் பின்னும் அடைப்பு உண்டா என்று குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டாவதாக, கலிங்கிலிருந்து அடுத்த ஏரி வரையில் கால்வாயின் வழியே நடந்து செல்ல வேண்டும். வரைபடத்தில் 10 மீட்டர் அகலமுள்ள கால்வாய், தரையில் ஒரு குழாயாகச் சுருங்கியிருப்பதை நடந்தவரே அறிவார். மூன்றாவதாக, பழைய கிராம வரைபடத்தையும் இந்திய நில அளவைத் துறையின் படத்தையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் ஒப்பிட வேண்டும்.

நான்காவதாக, மக்கள் கேட்கும் சந்தேகங்களுக்குத் தெளிவான விடையளிக்க வேண்டும். பத்திரம் பதிவாகியிருப்பது விற்பனை நடந்ததற்குச் சான்றேயன்றி, அங்கே கட்டடம் கட்டலாம் என்பதற்கு அனுமதியன்று. முழுநீர் எல்லைக்குள் தனியார் பட்டா நிலமும் இருக்கலாம். நீர் வற்றிய காலத்தில் அதில் பயிரிடலாம். ஆனால் கட்டடம் எழுப்பலாகாது. நிலம் யாருடையது என்பதும், அதை எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதும் வெவ்வேறு கேள்விகள்.

பள்ளியில் ஒரு பயிற்சி

ஆசிரியர்கள் உயர்நிலை வகுப்பு மாணவர்களைக் கொண்டு பயனுள்ள சோதனை ஒன்றை நடத்தலாம். சரிவாக வைத்த இரு தட்டுகளில் ஒன்றில் மண்ணும் புல்லும், மற்றொன்றில் ஓடோ தகரமோ பரப்பி, ஒரே அளவு நீரைத் தெளித்து, கீழே வந்து சேரும் நீரின் அளவையும் நேரத்தையும் குறிக்கச் செய்யலாம். நீர் மிகுதியாக வருவது மட்டுமன்றி விரைவாகவும் வருவதை மாணவர் தாமே காண்பர். பின்னர், கொத்தனார்கள் மட்டம் பார்க்க உபயோகிக்கும் நீர் நிரம்பிய தெளிந்த குழாயைக் கொண்டு, பாதுகாப்பான சிறிய குட்டை ஒன்றின் கரையில், நீர் வழியும் உயரத்துக்குச் சமமான இடங்களைச் சுற்றிலும் குச்சிகளால் அடையாளமிடலாம். குச்சிகள் நிற்கும் கோடு, அன்று தெரியும் நீர் விளிம்பிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதே பாடம். இது நில அளவையாளரின் முறையான அளவைக்கு ஈடாகாது. ஆனால் ஏரியின் எல்லை யாது என்பதை ஆயுளுக்கும் மறவாதபடி கற்பிக்கும்.

நகரங்கள் வளரத்தான் வேண்டும். மக்களுக்கு வீடுகளும் வேண்டும். நீருக்குரிய இடத்தை நீருக்கு விட்டு, எஞ்சிய இடத்தில் வீடு கட்டுவது வளர்ச்சிக்குத் தடையன்று. அவ்வீடுகள் நிலைத்து நிற்பதற்குரிய அஸ்திவாரமாகும். மழை இல்லாத நாட்களில் எல்லைக் கற்களை நடுவதும், நட்ட கற்களை ஆண்டுதோறும் சரிபார்ப்பதும், அவை எதற்காக நிற்கின்றன என்று ஊராருக்கும் மாணவருக்கும் எடுத்துச் சொல்வதும் களப்பணியாளரும் ஆசிரியரும் இணைந்து ஆற்றக்கூடிய பணியாகும்.